மனவடுவுக்கு என்ன மருந்து? யார் தேர்ந்தெடுப்பது?

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள திருநெல்வேலிக்காரர்களுக்கு அளவுகோல் எதுவும் தேவையில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்தால் போதும். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில் அது. தண்ணீர் மண்டபத்தைத் தொட்டால் ஒரு கணக்கு, மண்டபம் மூழ்கினால் இன்னொரு கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துப் போனது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! ஒரு வருஷ மழை ஒரே நாளில் கொட்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது. அதில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். கடைசிப் பயணிகளை மீட்கும்போது 19ஆம் தேதி ஆகிவிட்டது.

பிறகு தண்ணீர் வடிந்தது. ரோடு போட்டார்கள், தண்டவாளம் சரி செய்தார்கள், ரேஷன் கடையில் 6000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். இடிந்த வீட்டுக்கும் செத்த மாட்டுக்கும் கணக்கு எடுத்தார்கள். எந்தக் கணக்கிலும் வராத சேதம் ஒன்று உண்டு. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா. பெயர் வேண்டாம், இட்லிக் கடை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். எதிர் வீட்டில் தனியாக இருந்த ஆச்சி இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இருட்டில் கேட்டது. இறங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

ஒன்பது மாதம் கழிந்தும் அக்கா படித்துறைக்குப் போகவில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளில் இருந்து குளித்த படித்துறை. தகர ஷீட்டில் நாலு துளி விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்வார். கடையில் தட்டு கை தவறி விழுந்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும். எதிர் வீடு இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. முன்பெல்லாம் சிரித்துப் பேசி இட்லி வைப்பவர் இப்போது வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுகிறார். ஊரில் சொன்னது இதுதான். "பயந்த கோளாறு. மந்திரிச்சுக் கயிறு கட்டுனா சரியாப் போவும்." மதினி சொன்னது வேறு. "அதையே ஏன் நினைக்க? மறந்துட்டு சோலியப் பாரு."

மறக்க முடிந்தால் மறந்திருக்க மாட்டாரா?

இதற்கு ஆங்கில வைத்தியத்தில் 1980இல் இருந்து தனிப் பெயர் இருக்கிறது: பி.டி.எஸ்.டி. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் நிலைமைதான் அந்தப் பெயர் பிறக்க முக்கியக் காரணம். நம் ஊர்ப் பாடநூல்களில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று ரயில் நீளத்துக்கு ஒரு பெயர் போடுகிறார்கள். இலங்கைத் தமிழர்கள் சுருக்கமாக 'மனவடு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இந்தப் பெயரில் தமிழில் ஒரு நூல் எழுதினார். நல்ல சொல். காயம் ஆறிய பிறகும் இருப்பதுதானே வடு? நடந்தது தானாகவே கண்முன் வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் ஒதுக்குவது, எதிலும் பிடிப்பில்லாமல் போய்க் குற்ற உணர்வு அரிப்பது, உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அதுதான் இந்த நோய். பயங்கரத்தைப் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் அழுவதும் இயல்பு. பெரும்பாலானவர்கள் தாமாகவே தேறிவிடுகிறார்கள்.

தாமிரபரணிக் கரைக்கு இது புதிதும் அல்ல. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கிய 17 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் அந்தக் கரையில் மலர் தூவுகிறார்கள். அன்று உயிரோடு கரையேறியவர்களுக்கு ஆற்றைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று யாராவது கேட்டார்களா?

சரி, விஷயத்துக்கு வருவோம். அக்கா முதலில் போனது பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்கு. "தூக்கம் வரலை" என்றார். இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது. ராத்திரி அரை மாத்திரை. தூக்கம் வந்தது. மூன்று மாதத்தில் அரை ஒன்றாகியது. மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்தே கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை நாளைக்கு, இதை விட்டால் வேறு வழி உண்டா என்று யாரும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்தானே!

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் ஒரு கல்யாணப் புடவைக்கு நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிற ஊர் இது. மூளைக்குள் போகிற மருந்துக்கு மட்டும் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்தத் தூக்க மாத்திரைதான் இந்த நோய்க்கு உதவாத மருந்து. அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் போன்ற பென்சோடயசிபைன் வகை மருந்துகள் பதற்றத்தை அப்போதைக்கு அமுக்கும். வடுவைத் தொடாது. பழகிவிட்டால் விடுவதும் கஷ்டம். பெரிய அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காக இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கப் படைவீரர்களுக்கான 2023ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டியும் பி.டி.எஸ்.டி.க்கு இவை வேண்டாம் என்றே சொல்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரியே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.)

2024 செப்டம்பரில் மதினியோடு பஸ் ஏறி பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார் அக்கா. உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, எனக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்லியே? கரண்டு வச்சிர மாட்டீகளே?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த மனநல மருத்துவம் அவ்வளவுதான். மின்னதிர்ச்சி சிகிச்சை இந்த நோய்க்கான வைத்தியமே அல்ல. அது தேவைப்படும் வேறு நோய்களுக்கும் மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அது. 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22வது பிரிவைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? தன் நோய் என்ன, கொடுக்கப்போகும் சிகிச்சை என்ன, அதன் பக்க விளைவுகள் என்ன என்பதை, தனக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது அது. ஒப்புதல் என்றால் என்ன என்பதற்கும் இந்தச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. நன்மை, ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, கட்டாயம் எதுவும் இல்லாமல் வாங்குவதுதான் ஒப்புதல். 'மாற்று வழிகள்' என்பது முக்கியமான வார்த்தை. ஒரே வழியைக் காட்டிவிட்டு "சரியா?" என்று கேட்டால் அது ஒப்புதல் ஆகாது.

அந்த டாக்டரம்மா பத்து நிமிஷம் ஒதுக்கினார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது பத்து நிமிஷம் என்பது பெரிய விஷயம். முதலில் மதினியைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அதுவே பாதி வைத்தியம் என்று சொல்லலாம். நம் ஊரில் மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். பிறகு எல்லாப் பேச்சும் கூட வந்தவரோடுதான். நோயாளி பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டாக்டரம்மா சொன்ன முதல் வழி, பேசித் தீர்ப்பது. சும்மா ஆறுதல் பேச்சு இல்லை, பயிற்சி பெற்றவர் முறையாகச் செய்வது. அதிலேயே பல தினுசு உண்டு. ஒன்றில் அந்த ராத்திரியை முதலில் இருந்து கடைசி வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவு செய்து வீட்டில் கேட்க வேண்டும். ஒதுக்கி வைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். இன்று தெருமுனை, அடுத்த வாரம் ஆற்றங்கரை, அதற்கடுத்த வாரம் படித்துறை. எட்டில் இருந்து பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் ஒன்றரை மணி நேரம். இன்னொன்றில் மனதில் சிக்கிக்கொண்ட நினைப்பை எடுத்து அலசுவார்கள். 'நான் இறங்கியிருந்தால் ஆச்சி பிழைத்திருப்பாள்' என்பது உண்மையா? இடுப்பில் பேத்தி, கழுத்தளவு தண்ணீர், இருட்டு. இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது பன்னிரண்டு தடவை. நடந்ததை விலாவாரியாக விவரிக்காமலேயும் இதைச் செய்யலாம். கண்ணை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே நினைவைக் கையாளும் ஒரு முறையும் இருக்கிறது. கேட்பதற்கு விநோதமாகத்தான் இருக்கும், ஆனால் ஆராய்ச்சிகளில் பலன் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது வழி மருந்து. செர்ட்ராலின், பராக்செடின், வென்லாபாக்சின் ஆகியவற்றுக்கு இந்த நோயில் ஆதாரம் உண்டு. தினமும் சாப்பிட வேண்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரம்பத்தில் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் வரலாம். தாம்பத்திய ஆசை குறையலாம் (இதை எத்தனை மருத்துவர்கள் வாய் திறந்து சொல்கிறார்கள்?). நிறுத்திய பிறகு சிலருக்கு நோய் திரும்பும்.

மூன்றாவதாக, எதுவும் செய்யாமல் பொறுத்திருப்பது. அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஒன்பது மாதம் ஆன பிறகு அதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது.

எது எவ்வளவு பலன் தரும்? அமெரிக்காவின் தேசிய பி.டி.எஸ்.டி. மையம் நோயாளிகளுக்காகவே ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சை எடுத்த நூறு பேரில், சிகிச்சை முடியும்போது 53 பேருக்கு அந்த நோய் இருக்காது. மருந்து எடுத்த நூறு பேரில் 42 பேருக்கு இருக்காது. எதுவும் எடுக்காத நூறு பேரில் 9 பேருக்கு. இதை நூறு மனித உருவங்களாக வரைந்து, வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்கள். நம் ஊரில் நூறு புளியங்கொட்டையைத் தரையில் பரப்பியே காட்டிவிடலாம். பல்லாங்குழி ஆடிய கைக்கு சதவீதத்தைவிட அது சுலபமாகப் புரியும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் பெரும்பாலும் மேல்நாட்டு ஆராய்ச்சிகளில் கிடைத்தவை. தாமிரபரணிக் கரையில் அளந்தவை அல்ல.

அதனால்தான் இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, ஏற்கெனவே போரைப் பார்த்திருந்த வடகிழக்கு இலங்கைக் குழந்தைகள் 31 பேருக்கு இரண்டு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையைக் கோவையாகச் சொல்லவைக்கும் முறை. இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவது குழுவில் 71 சதவீதம் குழந்தைகள் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். இவ்வளவு குறைந்த பேரை வைத்து இதுதான் உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு வழியிலும் பலன் தெரிகிறது என்றால், எந்த வழி என்று சொல்லும் இடத்தில் நோயாளியின் விருப்பத்துக்கு எடை கூடத்தானே வேண்டும்?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, விபத்து நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே தடவையில் அத்தனையையும் கொட்டச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. 2002இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் வரலாம் என்றது. நல்ல எண்ணத்தோடு செய்வதெல்லாம் நல்ல வைத்தியம் ஆகிவிடாது.

கோயில், தர்கா பற்றியும் பேச வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் மனசு சரியில்லை என்றால் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கோ, பொட்டல்புதூர் தர்காவுக்கோ போவது மத வித்தியாசம் இல்லாத பழக்கம். அக்காவும் செவ்வாய்க்கிழமைதோறும் புளியம்பட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஆனால் அதை டாக்டரிடம் மறைத்தார், திட்டுவார்களோ என்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்ததை மறக்க முடியாதுதான். தப்பு சங்கிலியில் இருந்தது, பிரார்த்தனையில் அல்ல. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவிலேயே மருத்துவர்களை உட்காரவைத்து 'தவா - துவா' என்ற திட்டத்தைத் தமிழக அரசு நடத்தியது. மருந்தும் வேண்டுதலும் என்று பொருள். பாளையங்கோட்டை டாக்டரம்மாவும் "போயிட்டு வாங்கம்மா, மாத்திரையையும் விடாதீங்க" என்றுதான் சொன்னார். அதன் பிறகுதான் அக்கா மூன்று மாதமாகத் தூக்க மாத்திரை ஒன்றுக்குப் பதில் இரண்டு போடுவதையே வாய் திறந்து சொன்னார்!

"இதுல எது உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவர் மனதில் இருந்தது பேச்சு சிகிச்சைதான். கணக்குப்படி அதற்குத்தானே கொட்டை அதிகம்!

அக்காவின் கணக்கு வேறு. வாரா வாரம் பஸ் ஏறி வந்தால் கடைக்கு ஒரு நாள் லீவு. அதுகூடப் பரவாயில்லை. "ஐப்பசி அடைமழை வரப்போகுது. மழை சத்தத்துல இருந்துக்கிட்டே அந்த ராத்திரியப் பேச என்னால ஏலாது டாக்டரம்மா. மழை முடியட்டும். அதுவரைக்கும் மாத்திர தாங்க. தை பொறக்கட்டும், வாரேன்."

டாக்டரம்மா மறுக்கவில்லை. செர்ட்ராலின் எழுதினார். தூக்க மாத்திரையை எப்படிக் கால் காலாகக் குறைப்பது என்று ஒரு தாளில் வாரவாரியாக எழுதிக் கொடுத்தார். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள் என்று சொல்லி, அதை அந்தத் தாளின் மேலேயே பெரிதாக எழுதினார். இடையில் முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றினால் தை வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, முதல் இடத்தில் இருக்கும் சிகிச்சையை எடுக்காத அக்காவைச் சிலர் குறை சொல்லக்கூடும். அது சரியாகப் படவில்லை. எது பலன் தரும் என்பது மருத்துவருக்குத் தெரியும். எதைத் தாங்க முடியும், எப்போது தாங்க முடியும் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். பாதியில் ஓடிப்போகிற உயர்ந்த சிகிச்சையைவிட, முழுதாக எடுக்கிற அடுத்த சிகிச்சை மேல். இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. எல்லா வழியையும் தெரிந்த பிறகு எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். கிளினிக்கில் வாங்கிய அரை மாத்திரையும் பாளையங்கோட்டையில் வாங்கிய மாத்திரையும் மாத்திரைகள்தான். ஒன்று கொடுக்கப்பட்டது, இன்னொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்க நாலு வழி இருக்கிறது என்பது பல ஊர்களில் ஏட்டளவில்தான். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மருந்து கிடைக்கிறது. ஆனால் முறையான பயிற்சியோடு பன்னிரண்டு வாரம் உட்கார்ந்து பேசும் உளவியலாளர் பெரிய ஊர்களைத் தாண்டினால் அரிது. உரிமையைச் சட்டத்தில் எழுதிவிடலாம், ஆளை எழுத முடியாதே. இலங்கையில் செய்ததுபோல உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன என்பதை யாராவது யோசிக்க வேண்டும்.

2024 டிசம்பர் நடுவில் மறுபடியும் கனமழை. தாமிரபரணி மறுபடியும் பெருகிக் குறுக்குத்துறைக் கோயிலை மூடியது. அக்கா இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் மூன்றாம் நாள் கடை திறந்திருந்தது.

தை பிறந்ததும் வந்தார். பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் இருந்து கிழித்த ஒரு தாள் கையில் இருந்தது. ஆறு கேள்விகள், பேத்தியின் கோணல் எழுத்தில். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பது முதல் கேள்வி. ஆச்சியைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வந்தால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி. டாக்டரம்மா கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னார். "நிறுத்திக்கலாம்மா."

"அப்பம் வெள்ளிக்கிழம வேண்டாம்" என்றார் அக்கா. "கடையில கூட்டம் இருக்கும். புதன்கிழமை போடுங்க."